எல்வி வராமல் டீ இல்லை

பால் பொங்கி அடங்கிவிட்டது. செல்வி அக்கா அடுப்பைத் தணித்து, டீ கிளாஸ்களைத் தகரத் தட்டில் கவிழ்த்து அடுக்கிவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய சாலையில் அவருடைய கடை இருக்கிறது. தை மாதத்துக் காலை. மழைக்காலம் நிரப்பிவிட்டுப் போன ஏரி கரைக்கு அப்பால் அசைவின்றிக் கிடந்தது. பனி முழுவதும் கலையவில்லை. கடைக்கு எதிரே இருந்த கம்பி வேலியில் எங்கள் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. வியர்வை ஆறத் தொடங்கிய முதுகுகளில் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. இருபது பேர் அளவில் இருந்தோம். ஒருவரும் டீ கேட்கவில்லை.

கேட்க மாட்டோம். எங்கள் மிதிவண்டிக் கழகத்தில் அப்படி ஒரு விதி. புறப்பட்ட கூட்டத்தில் கடைசி ஆள் வந்து சேரும்வரை எவருக்கும் டீ கிடையாது. அந்தக் கடைசி ஆளுக்கு எங்களிடையே ‘எல்வி’ என்று பெயர். விதி கடைக்காரருக்கும் தெரியும்.

“நசரத்பேட்டை சிக்னல்ல மாட்டிகினு இருப்பாங்க,” என்றார் ரியாஸ். பூந்தமல்லியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்; எங்கள் குழுவில் அதிகம் பேசுபவர். “ஞாயித்துக்கெயமகூட அந்த சிக்னலு லீவு உடாது.”

“பஞ்சரா இருக்கும் பாய்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“பால் ஆடை கட்டுது,” என்றார் செல்வி அக்கா. “இன்னா, இன்னிக்கு இவ்ளோ நேரம்?”

சாலை திரும்பும் இடத்தில் ஒரு புளியமரம் உண்டு. அந்த மரத்தைத் தாண்டி ஒரு மஞ்சள் நிறம் தென்பட்டால் கடைசி ஆள் வந்தாயிற்று என்று பொருள். அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைய காத்திருப்பு எனக்கு நீளமாகத் தோன்றியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. டீ முடிந்ததும் கழகத்தின் கூட்டம். கூட்டத்தின் முன் இருந்தது ஒரே பொருள்: மேலே சொன்ன விதியை நீக்கிவிடுவது. நீக்கிவிடலாம் என்று சொல்வதற்காகவே நான் வந்திருந்தேன். சொல்லிவிட்டு, கழகப் பொறுப்பையும் ஒப்படைத்து, சைக்கிளை வீட்டில் நிறுத்திவிடுவதாகத் தீர்மானம்.

இந்தக் கட்டுரைத் தொடரில் இதுவரை கல்லூரியைப் பற்றியும், அணைக்கட்டுகளில் கழிந்த கோடைகளைப் பற்றியும் எழுதிவந்தேன். தொலைவில் உள்ளதை எழுதுவது எளிது. இந்த வாரம் எழுதுவது அருகில் உள்ளது.

இரண்டு சைக்கிள்கள்

நான் நீரியல் கற்பித்தவன். ஓய்வு பெற்றபின் பட்டாபிராமில், என் மனைவி எஸ்தர் பிறந்து வளர்ந்த பகுதியிலேயே, வீடு கட்டிக் குடிவந்தோம். என் இரத்தத்தில் சர்க்கரை எல்லை மீறியபோது மருத்துவர் நடக்கச் சொன்னார். இருவரும் நடந்தோம். சில வாரங்களில் எஸ்தருக்கு அலுத்துவிட்டது.

“நடந்தா நீங்க பாடம் எடுக்கிறீங்க,” என்றாள். “சைக்கிள்ல போனா பாதி காத்துல போயிடும்.”

ஆவடிக்குப் போய் இரண்டு சைக்கிள்கள் வாங்கினோம். எனக்குக் கியர் வைத்தது. அவளுக்கு முன்னால் கூடை வைத்த சாதாரண வண்டி. விலையுயர்ந்த வண்டிகள் பின்னாளில் எங்களைச் சூழ்ந்துகொண்ட காலத்திலும் அவள் அதை மாற்றவில்லை. கூடையில் அவித்த வேர்க்கடலை வரும். வேர்க்கடலை வைக்க இடமில்லாத வண்டியில் ஏறி எதற்கு இவ்வளவு தூரம் போவது என்பது அவளுடைய வாதம்.

முத்தாபுதுப்பேட்டை வரை போய்த் திரும்புவதில் தொடங்கினோம். அங்கே விமானப்படைத் தளத்தின் மதிலை ஒட்டி நீளமான மரநிழல் உண்டு. காலையில் காய்ந்த இலைகள் சக்கரத்தில் நொறுங்கும் சத்தம் தவிர வேறு ஓசை இராது. முதலில் எங்களோடு சேர்ந்தவர் ரியாஸ். கடை திறக்கும்முன் வயிற்றைக் குறைக்க வேண்டும் என்று வந்தார். வயிறு அப்படியே இருக்கிறது; அவரும் இருக்கிறார். பிறகு ஆவடி, அம்பத்தூரிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருநாள் வெளிவட்டச் சாலையில் எங்களை அம்பாகக் கடந்துபோன இளைஞர் சிலர், திரும்பும்போது வேகத்தைக் குறைத்து, “நீங்க என்ன குரூப் சார்?” என்று கேட்டார்கள். அப்போதுதான் நாங்கள் ஒரு குழு என்பதே எனக்குத் தெரிந்தது.

குழு என்று தெரிந்தபின் பெயரும் விதிகளும் இல்லாமல் என்னால் இருக்க முடியாது. ‘பட்டாபிராம் ஞாயிறு மிதிவண்டிக் கழகம்’ என்று பெயர் வைத்தேன். அதை எவரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. ‘ப்ரொபசர் குரூப்பு’ என்பதே வழக்கு. தலைக்கவசம் கட்டாயம், இருவருக்கு மேல் இணையாகச் செல்லலாகாது, இரண்டாம் ஆராதனைக்கு முன் பட்டாபிராம் திரும்பிவிட வேண்டும் என்றெல்லாம் விதிகள் எழுதினேன். ஆராதனை பற்றிய விதி எஸ்தருக்காக. அவள் தேவாலயத்தின் பாடகர் குழுவில் இருந்தாள். தலைக்கவசம் அழுத்திய தலைமுடியோடு அவள் பாடகர் வரிசையில் நிற்பதை ஆயர் மன்னித்திருந்தார்.

எழுதி முடித்ததை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, “எல்லாம் சரி. ஒண்ணு விட்டுப்போச்சு,” என்றாள். பேனாவை வாங்கி அடியில் எழுதினாள்: எல்வி வராமல் டீ இல்லை.

கடைசிப் பெட்டியின் தகடு

ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால், மஞ்சள் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் கறுப்பாகத் தொங்குவதைப் பலர் கண்டிருப்பீர்கள். இதுவே கடைசி வண்டி என்பதற்கான குறி அது. ரயில்வேக்காரர்கள் அதை எல்வி என்பார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் அந்தத் தகட்டைக் கண்ணால் கண்ட பிறகுதான் ரயில் முழுதாக வந்து சேர்ந்ததாகக் கொள்வார்கள். தகடு இல்லையென்றால், எங்கோ நடுவழியில் இணைப்பு அறுந்து சில பெட்டிகள் தங்கிவிட்டிருக்கலாம்; அந்தத் தடத்தில் அடுத்த ரயிலை விட முடியாது.

எஸ்தரின் தந்தை பட்டாபிராம் சைடிங்கில் ரயில்களைத் தடம் மாற்றிவிடும் வேலையில் இருந்தார். பள்ளிவிட்டு அவருக்குத் தூக்கில் சாப்பாடு கொண்டுபோவாள் எஸ்தர். மற்றப் பிள்ளைகள் எஞ்சினுக்குக் கையசைக்கையில், அவள் தந்தையின் அருகில் நின்று கடைசிப் பெட்டிக்குக் கையசைப்பாளாம். அதைப் பார்த்து, அந்தப் பெட்டியில் இருந்த கார்டுகள் திகைத்துப்போய்ப் பதிலுக்குக் கொடியை ஆட்டுவார்களாம். திருமணமான புதிதில் இதை அவள் சொன்னபோது, இது ஒரு குழந்தையின் விளையாட்டு என்று நினைத்தேன். அவளுக்கு அது உலகத்தை எண்ணிப்பார்க்கும் முறை என்று கழகம் தொடங்கிய பிறகே விளங்கிற்று.

வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுபவரிடம் சொல்லி, சிறிய மஞ்சள் தகடு ஒன்றில் அந்த இரண்டு எழுத்துகளை எழுதி வாங்கினாள். “எந்த வண்டிக்கும்மா, நம்பரே காணோமே?” என்று அவர் கேட்டதாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். அதைத் தன் சைக்கிளின் இருக்கைக்குப் பின்னால் கட்டினாள். எப்படியும் அவள்தான் எல்லாருக்கும் பின்னால் வருபவள். தகட்டைக் கட்டியபின் அது அவளுடைய வேகக்குறைவாக இல்லாமல், அவளுடைய பதவியாக ஆகிவிட்டது.

பதவிக்குக் கடமைகள் இருந்தன. எல்வி எவரையும் முந்தக்கூடாது. ஒருவருக்குச் செயின் கழன்றால் எல்வி நிற்க வேண்டும். எல்வியே வரத் தாமதமானால், குழுவில் மிக வேகமானவர் திரும்பிப்போய்ப் பார்த்துவர வேண்டும். அவளால் வர முடியாத வாரங்களில், சனிக்கிழமை மாலையே தகட்டைக் கழற்றி எவராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுவாள். யார் எல்வி என்று நாங்கள் ஒருநாளும் பேசி முடிவுசெய்ததில்லை. தகடு எவர் வண்டியில் இருந்ததோ அவர் எல்வி. அந்த ஏற்பாடு முழுதும் அவள் கையில் இருந்தது.

என் இடம் முன்னால். கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு வழிநடத்துவேன். பல ஆண்டுகள் இருவரும் ஒன்றாகப் புறப்பட்டு, டீக்கடையில் மறுபடி சந்தித்திருக்கிறோம். ஒருமுறை, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த வேளையில் கேட்டேன்: “பின்னால் தனியாக வருவது உனக்கு அலுப்பாக இல்லையா?”

“ஒரு நாள் வந்து பாருங்க,” என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேகத்தின் கட்சி

தினேஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணினி வேலை. முப்பதைத் தாண்டியவர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்துச் செய்யும் போட்டிக்குத் தம்மைத் தயார்செய்துகொண்டிருந்தார். அவருடைய வண்டியை ஒரு விரலால் தூக்கிவிடலாம். ரியாஸ் ஒருமுறை தூக்கிப் பார்த்து, “மாமே, பாதி வண்டிய கடையிலயே வெச்சிட்டு வந்துட்டியா?” என்றார்.

தினேஷின் குறை நியாயமானது. உடம்பு சூடாகியிருக்கும்போது டீக்கடையில் நெடுநேரம் நின்றால் பயிற்சி வீணாகிறது. வேகமாகப் போகிறவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட அனுமதிக்க வேண்டும் என்பார். அவர் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டு எஸ்தர் ஒருநாள் கேட்டாள்:

“சீக்கிரம் போயி யாரப் பாக்கப் போற தம்பி? அங்கயும் நாங்கதானே வரணும்.”

“அதில்ல ஆன்ட்டி, ஆவரேஜ் கொறையுது.”

“இந்தா, கடலை சாப்பிடு. ஏறும்.”

அவர் வாங்கிச் சாப்பிட்டார். விவாதம் அந்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. இப்படிப் பல வாரங்கள் ஒத்திவைக்கப்பட்டன.

ஐப்பசியில் மழை தொடங்கிக் கழகம் ஓய்ந்தது. அந்த மழை முடிவதற்குள் எஸ்தர் இறந்தாள். காய்ச்சலாகத் தொடங்கியது, மருத்துவமனையில் சில நாட்கள். அதைப் பற்றி எழுத இங்கு இடமில்லை.

கழகத்தார் ரயில்வே கேட் அருகே ஒரு பதாகை கட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துகளின் கீழே, தலைக்கவசமும் குளிர்கண்ணாடியும் அணிந்த பெண் ஒருத்தி வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தகைய பதாகையைப் பட்டாபிராம் முன்பு கண்டிருக்காது.

“வேற போட்டோவே இல்ல சார் எங்ககிட்ட,” என்றார் ரியாஸ், என் முகத்தைப் பார்த்துவிட்டு. “எல்லாத்துலயும் அக்கா ஹெல்மெட்டோடதான் கீறாங்க.”

“நன்றாக இருக்கிறது,” என்றேன்.

கிறிஸ்துமஸ் போயிற்று. பொங்கலும் போயிற்று. மறுபடி எப்போது கிளம்புவது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வந்தது. அதையொட்டித் தினேஷ் தம் கோரிக்கையை நீளமாக, மிகுந்த மரியாதையோடு, இந்த நேரத்தில் இதை எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். எல்வி விதியை நீக்கிவிடலாம். அவரவர் வேகத்தில் போய் அவரவர் திரும்பலாம். கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்று பதில் எழுதினேன்.

என் தீர்மானத்துக்குக் காரணங்கள் இருந்தன. இனிமேல் இவர்கள் ஏரிக்கரையில் காத்து நின்றால் அது எனக்குக் காட்டும் மரியாதையாக இருக்கும். அதை நான் விரும்பவில்லை. என் துக்கத்தைச் சாக்காக வைத்து ஒரு விதி உயிரோடு இருப்பது முறையன்று. அது போகும்போது நானும் விலகிவிடுவது சரியாக இருக்கும். காரணங்களை வரிசைப்படுத்தி, கூட்டத்தில் பேசவேண்டியதை மனத்தில் எழுதிவைத்திருந்தேன்.

புளியமரத்துத் திருப்பம்

மழைக்குப் பின் நாங்கள் கிளம்பிய முதல் ஞாயிறு அதுதான். பட்டாபிராமில் கூடி, நெமிலிச்சேரி போய், வெளிவட்டச் சாலையின் ஓரமாக நசரத்பேட்டை வந்து, ஏரிக்குத் திரும்பினோம். சாலையின் இருபுறமும் விற்பனை மனைகளின் வண்ணக் கொடிகள் பனியில் நனைந்து தொங்கின. கிடங்குகளின் வாசலில் லாரிகள் தூங்கின. நான் முன்னால் விசிலோடு போனேன். பின்னால் ஒருவர் வருவார் என்ற உறுதியில் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்ப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை.

டீக்கடையில் நின்று காத்திருந்த கதையைத் தொடக்கத்தில் சொன்னேன். காத்திருப்பு நீண்டதும், கூட்டத்தையாவது தொடங்கலாம் என்று தோன்றியது.

“தொடங்கிவிடலாமா தினேஷ்?”

“எல்வி வந்துடட்டும் சார்,” என்றார் அவர். “எல்லாரும் இருக்கும்போது பேசறதுதானே முறை.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அதில் விசித்திரம் எதையும் எவரும் காணவில்லை. ரியாஸ்கூடத் தலையாட்டினார். செல்வி அக்கா அடுப்பைச் சற்றுத் தூண்டிவிட்டு, மறுபடி தணித்தார்.

இன்னும் சற்று நேரம் போயிற்று. தினேஷ் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, கேட்காமலே, வேலியிலிருந்து வண்டியை எடுத்தார். வேகமானவர் திரும்பிப்போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. எங்களில் வேகமானவர் யார் என்பதில் ஐயமில்லை.

“போ ராக்கெட்டு,” என்றார் ரியாஸ். “பம்ப்பு எடுத்துகினியா?”

“இருக்கு பாய்.”

அவர் புளியமரத்தைத் தாண்டி மறைந்தார். ஏரியில் நட்டிருந்த மூங்கிலில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன். யாருக்குப் பஞ்சர், யாருக்குச் செயின் என்று பேச்சு நடந்தது. பின்னால் வருவது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

தினேஷ் தனியாகத் திரும்பி வந்தார். வண்டியிலிருந்து இறங்கும்முன்பே, மூச்சிரைக்கப் பேசத் தொடங்கினார்.

“ரிங் ரோடு வரைக்கும் போயிட்டேன் சார். யாருமே இல்ல. ஓரத்துல இளநீர் விக்கிறாரே, அவர்கிட்டயும் கேட்டேன். மஞ்சப் பலகை கட்டின அம்மா இன்னும் தாண்டலையேன்னு சொன்னாரு…”

அதோடு நின்றுவிட்டார். ஒரு கால் தரையிலும் ஒரு கால் பெடலிலுமாக இருந்தார். தம் வாயிலிருந்து வந்ததைத் தாமே கேட்டவர்போல என்னைப் பார்த்தார்.

பின்னால் எவரும் இல்லை. அன்று வந்திருந்த அத்தனை பேரும் டீக்கடையின்முன்தான் நின்றிருந்தோம். தகட்டை அந்தச் சனிக்கிழமை மாலை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. அது என் வீட்டு மாடிப்படியின் கீழே, துணி போர்த்திய அவள் சைக்கிளில் கட்டியபடி இருந்தது. காலையில் என் வண்டியை எடுத்தபோது அதைப் பார்க்கவும் பார்த்தேன். அதை எடுத்துவர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது தன்னால் வரும் என்பதுபோல விட்டுவிட்டு வந்திருந்தேன்.

பால் அடிபிடிக்கும் வாசனை எழுந்தது. செல்வி அக்கா முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினார்.

“அந்த ஆளுக்குத் தெரியாது,” என்றார், இளநீர்க்காரரைக் குறித்து. “தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டாரு.”

“நமக்குத் தெரியுமே அக்கா,” என்றார் ரியாஸ். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சற்றுக் கழித்து, “அவங்க இருந்திருந்தா இந்நேரம் நம்மள கிழி கிழின்னு கிழிச்சிருப்பாங்க. இத்தினி பேர் நின்னுகினு ஒருத்தருக்குக்கூட மூளை வேலை செய்யலையான்னு,” என்றார்.

யாரோ சிரித்தார். பிறகு இன்னும் சிலர். எனக்கும் முகம் தளர்ந்தது.

திருத்தம்

செல்வி அக்கா கேட்காமலே ஊற்றினார். டீயில் தீய்ந்த வாசனை இருந்தது. எல்லாரும் குடித்தோம். எல்வி வராமல் எங்கள் கழகம் குடித்த ஒரே டீ அதுதான்.

கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். மனத்தில் எழுதிவைத்திருந்தது அப்படியே இருந்தது. “ஒரு விதி, அதன் பயன் முடிந்ததும்…” என்று தொடங்கினேன்.

“சார்,” என்றார் தினேஷ். “அது இன்னிக்கு வேணாம்.”

“அறிவிக்கப்பட்ட பொருள். எடுக்காமல் கலைய முடியாது.”

“அப்ப நான் திருத்தம் கொண்டுவர்றேன்.” என் கூட்டங்களில் இத்தனை காலம் உட்கார்ந்ததில் அவர் கற்றுக்கொண்ட சொல் அது. “வேகமா போறவங்க முன்னாடி போறோம். குன்றத்தூர் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு இங்க வர்றோம். ஆனா டீ எல்லாருக்கும் ஒண்ணாதான். எல்வி வந்த அப்புறம்தான்.”

ரியாஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இதுக்கா மாமே குரூப்புல அவ்ளோ நீட்டா எழுதிப் போட்ட? அத்தப் படிச்சிட்டு நான் கண்ணாடி மாத்திகினேன்.”

“நீங்க முழுசாப் படிச்சீங்களா பாய்?”

“பாதி. மீதிய ஊட்ல படிச்சிச் சொன்னாங்க.”

வாக்கெடுப்பு நடத்தினேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. செல்வி அக்காவும் கரண்டியோடு கையை உயர்த்தினார். அவர் உறுப்பினர் அல்லர் என்பதைச் சுட்டிக்காட்ட எனக்கு அன்று மனம் வரவில்லை. திருத்தம் நிறைவேறிற்று. என் பேச்சின் இரண்டாம் பகுதி, அதாவது நான் விலகுவது பற்றியது, சொல்லப்படாமல் என்னிடமே தங்கிவிட்டது.

“சரி,” என்றார் ரியாஸ். “போறப்போ எல்வி யாரு?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

“நான்,” என்றேன்.

“நீங்க விசில் ஆச்சே சார். நீங்க முன்னாடி இல்லாட்டி நாங்க எந்தப் பக்கம் திரும்பறது?”

“வந்த வழியே திரும்பினால் போதும்.”

விசிலைக் கழற்றித் தினேஷின் கழுத்தில் மாட்டினேன். அவர் குனிந்து வாங்கிக்கொண்டார். “தகடு இல்லையே சார்,” என்றார்.

செல்வி அக்கா கடைக்குள் போனார். பன் கொண்டுவரும் மஞ்சள் பையை உதறி எடுத்துவந்தார். ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. மணமக்களின் பெயர்கள் துவைத்துத் துவைத்து மங்கியிருந்தன. அதை என் இருக்கைக்குப் பின்னால் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

“அடுத்த வாரம் வர்றப்போ பைய திருப்பிக் குடுத்துடணும்,” என்றார். “எனக்கு ஒண்ணுதான் கீது.”

பின்னால்

கடைசியில் வருவது எளிதென்று நினைத்திருந்தேன். முந்தாமல் இருப்பதற்குக் கை முழுநேரமும் பிரேக்கில் இருக்க வேண்டும். நசரத்பேட்டை வருவதற்குள் விரல்கள் வலித்தன. எதிரே திறந்த சாலை கிடையாது, முதுகுகள் இருந்தன. ரியாஸின் சட்டை பின்னால் மேலேறியிருந்தது. தினேஷ் கூட்டத்தின் முன்னால், அவருடைய வாழ்நாளில் இல்லாத அளவு மெதுவாகப் போய்க்கொண்டு, ஒவ்வொரு மின்கம்பத்துக்கும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

எனக்கு நேர் முன்னால் பானுமதி போனார். ஆவடியில் தபால் அலுவலகத்தில் வேலை. சென்ற கோடையில்தான் சேர்ந்தவர், குழுவில் எல்லாரிலும் மெதுவானவர். வெளிவட்டச் சாலை ஏறியதும் திரும்பாமலே சொன்னார்:

“அம்மா பாடிக்கிட்டே வருவாங்க சார்.”

“அப்படியா?”

“உங்களுக்குத் தெரியாதா? எனக்குத் திரும்பிப் பார்த்தா பேலன்ஸ் போயிடும். அதான் பாட ஆரம்பிச்சாங்க. பாட்டு கேட்டா ஆள் இருக்காங்கன்னு அர்த்தம்.”

தேவாலயத்துப் பாட்டுகளை வீட்டில் அவள் ஏன் பயிற்சி செய்வதில்லை என்று எனக்கு நெடுநாள் ஓர் ஐயம் இருந்தது.

“எனக்குப் பாட வராது,” என்றேன்.

“பரவால்ல சார். பெல்லாவது அடிங்க.”

இளநீர்க் கடையைக் கடந்தோம். அவர் கையில் அரிவாளோடு நிமிர்ந்து, என் இருக்கைக்குப் பின்னால் இருந்த மஞ்சளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

நெமிலிச்சேரி அருகே பானுமதி கேட்டார்: “சார், இருக்கீங்களா?” மணியை அடித்தேன். அதன்பின் அவர் கேட்கும்முன்பே அவ்வப்போது அடித்துக்கொண்டு வந்தேன்.

கழகத்தின் வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் ஆராதனை தொடங்கிய பிறகு பட்டாபிராம் திரும்பினோம். நாங்கள் கலையும் இடம் அங்குள்ள மேம்பாலத்தின் கீழே. முன்னால் போனவர்கள் அங்கே நின்றிருந்தார்கள். பானுமதி போய் அவர்களோடு சேர்ந்தார். நான் இன்னும் சற்றுத் தூரத்தில் இருந்தேன்.

பல ஆண்டுகள் அந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவன் நான். வந்ததும் எனக்குக் கிடைத்தது காலியான சாலையும் ஒரு தூணின் நிழலும். இப்போது அத்தனை பேரும் வண்டியில் ஒரு காலை ஊன்றி, வந்த திசையை நோக்கித் திரும்பி நின்றிருந்தார்கள். ரியாஸ், தினேஷ், பானுமதி, பெயர் சொல்லாத மற்றவர்கள் என எல்லா முகங்களும் ஒரே பக்கம் பார்த்தன. சிலர் எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டியிருந்தார்கள். எனக்குப் பின்னால் எவரும் இல்லை. ஆகவே அவர்கள் பார்த்தது என்னைத்தான்.

ஞாயிறுதோறும் அவளுக்குக் கிடைத்தது இது. இதைத்தான் தனிமை என்று நினைத்து, அலுப்பாக இல்லையா என்று கேட்டிருந்தேன்.

மெதுவாக மிதித்துப் போய்ச் சேர்ந்தேன். தினேஷ் விசிலை ஒருமுறை ஊதினார்.

“எல்வி வந்தாச்சு,” என்றார் ரியாஸ். “ஊட்டுக்குப் போலாம்.”

அதன் பிறகே ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.